டூர் குரூப்கள் மொய்க்கும் தீம் பார்க்கில் குடும்பத்தோடு சமாளிப்பது எப்படி?

நீலக்குடை

அடுத்த பள்ளி விடுமுறையில் ஒரு பெரிய தீம் பார்க்குக்குப் போகிறோம். இரண்டு பிள்ளைகள், கூடவே முழங்கால் வலியுள்ள அம்மா. போன தடவை வேறொரு பார்க்கில் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதே அலுப்பாக இருக்கிறது.

கூரை போட்ட வரிசைக்குள் நிற்கிறோம். எங்களுக்கு முன்னால் மஞ்சள் டி-ஷர்ட் போட்ட மூன்று பையன்கள். மூன்று பேர்தானே என்று இருந்துவிட்டோம். ரைடு கண்ணுக்குத் தெரிகிற தூரம் வந்ததும் பின்னாலிருந்து "எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீ" என்று கம்பிக்கு அடியில் குனிந்து குனிந்து முப்பது நாற்பது மஞ்சள் டி-ஷர்ட்கள் வந்து சேர்ந்தன. அந்த மூன்று பேரும் மொத்தக் கூட்டத்துக்கும் துண்டு போட்டு வைத்திருந்தவர்கள்! அதோடு முடிந்ததா? கோஷம், கைதட்டல், கம்பியில் தாளம். அந்தக் கூரைக்கு அடியில் அது நான்கு மடங்காகக் கேட்டது. சின்னவள் காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். ஊழியரிடம் சொன்னால் உதட்டைப் பிதுக்கினார்.

இந்த மாதிரிக் கூட்டத்தைத் தவிர்க்க வழி உண்டா? மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓரமாநிக்கிறேன்

இயர்போன். பிள்ளைகளுக்குச் சத்தம் குறைக்கும் காதுக் கவசம். இதற்கு மேல் என்னிடம் ஞானம் இல்லை.

வாண்டுப்படை

நீலக்குடை, உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. எங்களுக்கும் இதேதான். ஆனால் தெரிந்தே போய் மாட்டிக்கொள்ள வேண்டாம், முதலில் தேதியைப் பாருங்கள். நாம் நம்மூர்ப் பள்ளி விடுமுறையை மட்டும் பார்க்கிறோம், அந்த பார்க்குக்கு எந்தெந்த நாட்டிலிருந்து கூட்டம் வரும் என்று பார்ப்பதில்லை. அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு இருக்கிற ஆர்லாண்டோ போகிறீர்கள் என்றால் ஜனவரியும் ஜூலையும் பிரேசில் பிள்ளைகளின் விடுமுறைக் காலம். அங்கே ஜனவரி கோடை விடுமுறை, ஜூலை குளிர்கால விடுமுறை. பதினைந்து வயது நிறைந்த பெண்பிள்ளைகளுக்கு வீட்டில் பெரிய விழா எடுப்பதற்குப் பதிலாக டிஸ்னிக்கு டூர் அனுப்புகிற வழக்கமும் அவர்களிடம் உண்டு. ஒரே நிற டி-ஷர்ட், கொடி பிடித்த கைடு, பாட்டு எல்லாம் அப்படி வருபவைதான். ஜப்பான் என்றால் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை கோல்டன் வீக் என்கிற தொடர் விடுமுறை. ஷாங்காய், ஹாங்காங் பக்கம் அக்டோபர் 1 தொடங்கி வரும் சீனத் தேசிய நாள் விடுமுறை வாரம். இந்த நாட்களில் போய்விட்டு, கூட்டமாக இருக்கிறதே என்று புலம்பிப் பயனில்லை.

சுள்ளெறும்பு

அதைத்தான் நானும் சொல்கிறேன். அந்த நாட்டுக்காரர்களுக்கு வரிசையில் நிற்கவே தெரியாது. வளர்ப்பு அப்படி.

நெறியாளர்

சுள்ளெறும்பு, இதே ரகத்தில் நீங்கள் போட்ட இன்னொரு பதிவை நீக்கிவிட்டேன். குழுவின் நடத்தையைப் பற்றித் தாராளமாகப் பேசுங்கள். நாட்டை இழுக்காதீர்கள்.

டீச்சரக்கா

நெறியாளருக்கு நன்றி. பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஐம்பது பேரை எந்த நாட்டிலிருந்து கூட்டி வந்து ஒரே இடத்தில் விட்டாலும் இப்படித்தான் இருக்கும். நான் பிள்ளைகளை அழைத்துப் போகிற ஆள், அதனால் சொல்கிறேன். தனியாக நிற்கும்போது "தேங்க் யூ ஆன்ட்டி" என்று வழிவிடுகிற பையன்தான் கூட்டாளிகளோடு சேர்ந்தால் கம்பியில் ஏறி உட்காருகிறான். கும்பலோடு கோவிந்தா போடும் வயசு அது. இதே பார்க்குகளில் அமெரிக்காவின் சியர்லீடிங் போட்டிக் குழுக்கள், பேண்டு வாத்தியக் குழுக்கள் வருகிற நாட்களில் போய்ப் பாருங்கள், சத்தம் ஒரு துளியும் குறைவாக இருக்காது.

உடன் வரும் பெரியவர்களிடம்தான் எல்லாம் இருக்கிறது. நான் போகும்போது பிள்ளைகளை ஆறு பேர் கொண்ட சிறு அணிகளாகப் பிரித்துவிடுவேன். ஒவ்வொரு அணியும் தன் வழியில் போகும், குறித்த நேரத்தில் குறித்த இடத்துக்கு வந்து தலையெண்ணிக்கை கொடுக்கும். ஆறு பேர் வரிசையில் நின்றால் அது வெறும் குடும்பம் மாதிரி. யாருக்கும் உறுத்தாது. ஐம்பது பேரையும் ஒரே கயிற்றில் கட்டியது போல் இழுத்துக்கொண்டு போனால் அவர்களுக்கும் பாதி ரைடு கிடைக்காது, மற்றவர்களுக்கும் தொல்லை. இதைச் செய்யாமல் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கிற பெரியவர்களைக் கேளுங்கள், பிள்ளைகளைத் திட்டாதீர்கள்.

சுள்ளெறும்பு

சரி டீச்சர். வார்த்தை தடித்துவிட்டது. ஆனால் உங்களைப் போல எத்தனை பேர் பிரித்து விடுகிறார்கள்?

டீச்சரக்கா

குறைவுதான். மறுக்கவில்லை.

பழைய_கைடு

இந்தத் தொழிலில் இருந்தவன் என்கிற முறையில் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அது தெரிந்தால் பாதி தொல்லை தீர்ந்த மாதிரி.

ஒரு பஸ் என்றால் ஏறக்குறைய ஐம்பது பேர். அவர்களை எழுப்பி, சாப்பிட வைத்து, ஏற்றி, இறக்கி, டிக்கெட் கொடுத்து வாசலைத் தாண்ட வைப்பதற்குள் கைடுக்கு நாக்கு தள்ளிவிடும். பெரும்பாலான குழுக்கள் கேட் திறக்கிற நேரத்துக்கு நிற்க நினைக்கும், ஆனால் அரை மணியோ ஒரு மணி நேரமோ பிந்தித்தான் வரும். யாராவது ஒருவன் பாஸ்போர்ட்டை அறையில் விட்டிருப்பான். ஆக, திறந்த முதல் ஒரு மணி நேரம் உங்களுடையது. இதை விட்டுவிட்டால் அன்று முழுவதும் பின்னால் ஓட வேண்டியதுதான். வால்ட் டிஸ்னி வேர்ல்டில் அவர்களுடைய ஹோட்டலில் தங்குபவர்களைப் பொது நேரத்துக்கு 30 நிமிடம் முன்னதாகவே உள்ளே விடுவார்கள். அந்த அரை மணியில் பெரிய ரைடு ஒன்றையோ இரண்டையோ முடித்துவிடலாம்.

உள்ளே வந்த குழு நேராக எங்கே போகும்? போஸ்டரில் இருக்கிற ரைடுக்கு. பிள்ளைகள் அதற்குத்தானே காசு கட்டியிருக்கிறார்கள். அதனால் காலையில் பெரிய ரைடை முடித்துவிட்டு, அவர்கள் அங்கே வந்து சேரும்போது நீங்கள் பார்க்கின் மறு கோடியில் இருக்க வேண்டும்.

மதியம் ஐம்பது பேரும் ஒன்றாக உட்கார இடம் வேண்டும் என்பதால் உணவகத்தில் முன்பதிவு இருக்கும், பெரும்பாலும் பன்னிரண்டுக்கும் ஒன்றரைக்கும் நடுவில். அந்த நேரத்தில் நீங்கள் சாப்பிடப் போகாதீர்கள், ரைடுக்குப் போங்கள். பதினொன்றுக்கோ இரண்டரைக்கோ சாப்பிட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், திரும்பும் நேரம். பஸ் ஓட்டுநர் எவ்வளவு நேரம் வேலை செய்யலாம் என்பதற்குச் சட்ட வரம்பு உண்டு. அமெரிக்காவில் பயணிகள் பஸ் ஓட்டுநர் தொடர்ந்து 8 மணி நேரமாவது பணி ஓய்வில் இருந்த பிறகுதான் மீண்டும் ஓட்டலாம், ஓட்டுவதும் 10 மணி நேரத்துக்கு மேல் கூடாது. எனவே "இன்னும் ஒரு ரைடு அண்ணா" என்று பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் கைடு இளக மாட்டார். பகல் டூர் குழுக்கள் மாலையில் கிளம்பிவிடும். கடைசி இரண்டு மணி நேரம் பல பார்க்குகளில் ஆற அமர சுற்றலாம். வாணவேடிக்கை இருக்கிற நாட்களில் மட்டும் இது செல்லாது, எல்லோரும் அதற்காகத் தங்கிவிடுவார்கள்.

இன்னொன்று. தலையெண்ணுவதற்கு நாங்கள் தேர்ந்தெடுக்கும் இடம் எப்போதும் கழிப்பறைக்குப் பக்கத்தில் உள்ள திறந்தவெளி, இல்லாவிட்டால் பெரிய சிலையின் அடி. அங்கே ஒரே நிறத்தில் கூட்டம் சேர்வதைப் பார்த்தால், பத்து நிமிடத்தில் அந்த மொத்தக் கூட்டமும் பக்கத்து ரைடுக்குள் நுழையப் போகிறது என்று அர்த்தம். நீங்கள் முந்தினால் ஆயிற்று, முடியாவிட்டால் இரண்டு ரைடு தள்ளிப் போய்விடுங்கள்.

நீலக்குடை

அந்தத் தலையெண்ணும் விஷயம் அருமை, அண்ணே! இது எந்த வழிகாட்டியிலும் இல்லை.

கணக்குப்பிள்ளை

எல்லோரும் ஐம்பது பேர் ஐம்பது பேர் என்கிறீர்கள், அந்த ஐம்பது பேரால் நமக்கு உண்மையில் எவ்வளவு நேரம் போகிறது என்று யாராவது கணக்குப் போட்டீர்களா?

24 இருக்கை உள்ள ரோலர் கோஸ்டர் வண்டி நிமிடத்துக்கு ஒன்று கிளம்புகிறது என்று வையுங்கள். மணிக்கு 1,440 பேர். 50 பேர் முன்னால் நுழைந்தால் நமக்கு நஷ்டம் இரண்டு நிமிடம் சொச்சம். அவ்வளவுதான். நிற்காமல் ஓடிக்கொண்டே ஆளை ஏற்றுகிற ரைடுகளில் இதைவிடக் குறைவு. டிஸ்னியின் பேய் வீட்டு ரைடான ஹான்டட் மான்ஷனில் இருப்பது அந்த வகைதான், மணிக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் ஏற்ற முடியும். பெரிய அரங்கில் நடக்கும் காட்சிகளில் நஷ்டமே இல்லை, எல்லோரும் ஒரே நேரத்தில்தான் உள்ளே போகிறோம்.

சின்னப் பிள்ளைகளின் சுற்றும் ரைடில்தான் சங்கடம். 32 இருக்கை, ஏற்றி இறக்கி ஒரு சுற்று முடிய 5 நிமிடம் என்றால் மணிக்கு 384 பேர்தான். 50 பேர் நுழைந்தால் 8 நிமிடம் போச்சு. நான்கு குழு வந்தால் அரை மணிக்கு மேல்.

இதையும் தாண்டி ஒரு இடம் இருக்கிறது, அங்கேதான் ரத்தம் கொதிக்கும். காசு கொடுத்து வாங்கும் விரைவு வரிசை இருக்கிற ரைடு. முதலில் சொன்ன அதே 1,440 பேர் ரைடில், விரைவு வரிசையிலிருந்து நான்கு பேரை விட்டால் பொது வரிசையிலிருந்து ஒருவர் என்கிற விகிதத்தில் விடுகிறார்கள் என்று வையுங்கள். பொது வரிசைக்கு மணிக்கு 288 இடம்தான் மிஞ்சும். இப்போது அதே 50 பேர் உங்களுக்கு முன்னால் புகுந்தால் 10 நிமிடத்துக்கு மேல் நஷ்டம். ஆள் அதே, ரைடு அதே, நஷ்டம் ஐந்து மடங்கு. ஆகவே குழுவைக் கண்டால் விரைவு வரிசை இல்லாத, ஓடிக்கொண்டே ஏற்றுகிற ரைடுக்கோ அரங்குக்கோ போங்கள்.

மழைக்குருவி

கணக்கு சரிதான். ஆனால் இரண்டு நிமிடம்தானே என்று மனசு சமாதானம் ஆகாது சார். வரிசைகளைப் பற்றி ஆராய்ந்தவர்கள் இதை ஒப்புக்கொள்கிறார்கள். டேவிட் மைஸ்டர் 1985லேயே எழுதியிருக்கிறார்: நியாயமில்லாத காத்திருப்பு நியாயமான காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும், சும்மா நிற்கிற நேரம் ஏதாவது செய்துகொண்டிருக்கிற நேரத்தைவிட நீளமாகத் தோன்றும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லார்சனும் வரிசையில் நம்மைத் தாண்டிப் போகிறவனால் வரும் எரிச்சலைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். இரண்டு நிமிடத்துக்காக யாரும் கத்துவதில்லை, ஏமாளி ஆகிவிட்டோமே என்றுதான் கத்துகிறார்கள்.

கணக்குப்பிள்ளை

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு நிமிட நஷ்டத்துக்காக அரை நாள் மூட் அவுட் ஆவது நம் கைக்காசு.

லிவர்_பிடித்தவன்

ரைடு ஏற்றும் இடத்தில் வேலை பார்த்தவன். நீலக்குடை, அந்த ஊழியர் உதட்டைப் பிதுக்கியதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஏற்றும் இடத்தில் நிற்பவனிடம் போய்ச் சொன்னால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அவன் பார்வை முழுவதும் பெல்ட், கம்பி, அடுத்த வண்டி கிளம்பும் நேரம் இதில்தான் இருக்கும். அங்கே நின்று பஞ்சாயத்து செய்தால் வண்டி நிற்கும், பின்னால் இருக்கிற ஆயிரம் பேரும் காத்திருப்பார்கள்.

சொல்ல வேண்டிய இடம் இரண்டு. ஒன்று, வரிசையின் நுழைவாயிலில் நிற்பவர். அவரால் ஒரு குழுவை ஓரங்கட்டி, "எல்லோரும் வந்த பிறகு உள்ளே போங்கள்" என்று சொல்ல முடியும். டிஸ்னியின் விதியிலேயே உடன் வருபவர்கள் அனைவரும் சேர்ந்த பிறகுதான் வரிசைக்குள் நுழைய வேண்டும் என்று இருக்கிறது. இன்னொன்று, விரைவு வரிசையும் பொது வரிசையும் சேர்கிற இடத்தில் நிற்பவர். ஆட்களை விடுவதும் நிறுத்துவதும் அவர் கையில்தான் இருக்கிறது, நுழைந்த கூட்டத்தைப் பிடித்து வைக்க அவரால் முடியும். வேறு சில பார்க்குகளில் வரிசை தாண்டினால் வெளியே அனுப்புவோம், பணம் திரும்பாது என்றே போர்டு வைத்திருப்பார்கள். சில இடங்களில் புகாருக்குக் குறுஞ்செய்தி எண் கூட அந்தப் போர்டிலேயே இருக்கும்.

எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். "எல்லோரும் அராஜகம் பண்ணுகிறார்கள்" என்றால் நாங்கள் என்ன செய்ய? "மஞ்சள் டி-ஷர்ட், முப்பது பேருக்கு மேல், இரண்டாவது வளைவில் கம்பிக்கு அடியில் இப்போதுதான் நுழைந்தார்கள்" என்று சொன்னால் நான் வாக்கி-டாக்கியை எடுப்பேன். ஒரே நிற டி-ஷர்ட்டால் நமக்கு இருக்கிற ஒரே லாபம் அதுதான், அடையாளம் சொல்வது சுலபம்.

வாண்டுப்படை

நேராக அவர்களிடமே சொல்லக்கூடாதா? ஊழியரைத் தேடிக்கொண்டு போனால் நம் இடம் போய்விடுமே.

பழைய_கைடு

சொல்லலாம், ஆனால் பிள்ளைகளிடம் வேண்டாம். கூட்டாளிகள் முன்னால் அவன் வீறாப்பு காட்டுவான். கொடி, மைக், கழுத்தில் பெரிய அட்டை, இந்த மூன்றில் ஒன்று வைத்திருப்பவரைப் பாருங்கள். அவரிடம் மெதுவாக, "இங்கே சின்னப் பிள்ளை பயப்படுகிறது, கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்களேன்" என்றால் பத்துக்கு எட்டு கைடுகள் உடனே கேட்பார்கள். பார்க்கில் புகார் போனால் கம்பெனி வரை போகும் என்கிற பயம் எங்களுக்கு எப்போதும் உண்டு. சண்டைக்கு மட்டும் போகாதீர்கள். கைகலப்பு ஆனால் யார் தொடங்கியது என்று பார்க்காமல் இரண்டு பக்கத்தையும் வெளியே அனுப்புவார்கள்.

ஓரமாநிக்கிறேன்

அல்லது அவர்களை முன்னே விட்டுவிட்டு நாம் பின்னால் போகலாம். முன்னால் சத்தம் போடுகிறவன் நகர்ந்துகொண்டே இருப்பான். பின்னால் வருகிறவன் சத்தம் ரைடு வரை நம் காதில்தான்.

மழைக்குருவி

இது நிஜமாகவே நல்ல யோசனை. நடுவில் மாட்டிக்கொள்வதுதான் மோசம், பாதிப் பேர் முன்னால், பாதிப் பேர் பின்னால், நம் தலைக்கு மேலே பேச்சு. முன்பாதியைப் பின்னே போகச் சொல்ல முடியாது, பின்பாதியை முன்னே விட்டுவிடலாம். எட்டுப் பேரை விடுவதற்கு அரை நிமிடம் போதும். அப்புறம் காதுக்கு நிம்மதி.

தனியாகவோ பெரிய பிள்ளைகளோடோ போகிறவர்கள் சிங்கிள் ரைடர் வரிசை, அதாவது மிஞ்சுகிற ஒற்றை இருக்கைகளில் தனி ஆட்களை ஏற்றும் வரிசை இருக்கிறதா பாருங்கள். சேர்ந்து உட்கார முடியாது, அதனால்தான் குழுக்கள் அந்தப் பக்கம் வருவது குறைவு. சின்னப் பிள்ளைக்கு இது ஒத்துவராது.

டீச்சரக்கா

நீலக்குடை, அம்மாவை மறந்துவிடாதீர்கள். முழங்கால் வலிக்காரருக்கு வரிசையைவிடப் பெரிய தொல்லை, நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலுக்குப் பாய்வது. பரேடு பார்க்கப் பாதையின் நடுப்பகுதியில் நிற்காதீர்கள். அது தொடங்கும் முனையிலோ முடியும் முனையிலோ கூட்டம் குறைவாக இருக்கும். வாணவேடிக்கை முடிந்ததும் எழாதீர்கள், இருபது முப்பது நிமிடம் உட்கார்ந்தே இருங்கள். கடைகள் பெரும்பாலும் அதற்குப் பிறகும் திறந்திருக்கும்.

தப்பித்தவறி நெரிசலில் சிக்கினால், தள்ளுகிற திசைக்கு எதிராக நிற்காதீர்கள். இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்து மூச்சுக்கு இடம் விடுங்கள், கூட்டத்தோடு நகர்ந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்காக ஓரத்துக்கு வாருங்கள். கீழே விழுந்த செருப்பையோ போனையோ குனிந்து எடுக்க வேண்டாம். சின்னவளைத் தூக்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் மணிக்கட்டில் உங்கள் போன் எண்ணை எழுதிவிடுங்கள், காலையில் கிளம்பும்போது ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள், அன்று என்ன உடை என்று சொல்ல உதவும்.

நீலக்குடை

எல்லோருக்கும் நன்றி. தேதியை ஒரு வாரம் தள்ளிப் பார்க்கிறேன். கடைசியாக ஒரு சந்தேகம், சின்னவளுக்கு உயரம் பத்தாத ரைடு நிறைய. நானும் என் கணவரும் மாறி மாறி வரிசையில் நிற்க வேண்டுமா? அப்புறம், மழை பெய்தால் இந்தக் குழுக்கள் என்ன செய்யும்?

லிவர்_பிடித்தவன்

மாறி மாறி முழு வரிசை நிற்க வேண்டாம். ரைடர் ஸ்விட்ச் என்று கேளுங்கள், பார்க்குக்குப் பார்க் பெயர் மாறும். ஒருவர் வரிசையில் போய் வருவார், மற்றவர் பிள்ளையோடு காத்திருந்து, அவர் வந்ததும் நீண்ட வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். வரிசைக்குள் நுழையும் முன்பே வாசலில் நிற்பவரிடம் சொல்லிவிடுங்கள், உள்ளே போய்க் கேட்டால் தர மாட்டார்கள். சின்னவளையும் கூடவே கூட்டிப் போங்கள், பிள்ளையைப் பார்த்தால்தான் கொடுப்பார்கள்.

மழைக்குக் குழுக்கள் கலைந்து கடைக்குள்ளும் உணவகத்துக்குள்ளும் ஒதுங்கும். பஸ் வரும் வரை அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை, உள்ளே நிற்க இடம் இருக்காது. மின்னல் என்றால் வெளியே ஓடுகிற கோஸ்டர்களை நிறுத்திவிடுவார்கள், வரிசையும் கரைந்துவிடும். ரெயின்கோட் வைத்திருந்தால் அம்மாவை ஏதாவது அரங்கக் காட்சியில் உட்கார வைத்துவிட்டு, நிறுத்தி வைத்த பெரிய ரைடுக்குப் பக்கத்திலேயே கூரைக்குக் கீழே நில்லுங்கள். பார்க்கின் ஆப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். திரும்பத் திறந்த முதல் பதினைந்து நிமிடம் அங்கே ஆளே இருக்காது.